கவுச்சி வாடை

அண்ணனின் இடது கண் அன்று காலையில் திறக்கவே இல்லை. இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டு, ஊறவைத்த மொச்சைபோலப் பளபளத்தன. சமையலறை மேசையோரம் தலையை அண்ணாந்து அவன் உட்கார்ந்திருந்தான். அண்ணி வெந்நீரில் நனைத்த துணியால் இமையோரத்தை ஒற்றி ஒற்றி எடுத்தாள். வலது கண் பாதி திறந்திருந்தது. அதைக்கொண்டு அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தான். வலிக்கிறது என்று சொல்லவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்பதுதான் அவன் கவலை.

அம்மா அடுப்பைப் பார்த்து நின்றபடியே கேட்டாள்.

"நேத்து என்னா ஆக்கிப் போட்ட இவனுக்கு?"

"ரசம், முட்டைக்கோசு. நீங்களுந்தான சாப்டிங்க அத்த."

"நான் சாப்ட்டது எனக்குத் தெரியும்லா. எனக்குத் தெரியாம அவன் சாப்ட்டது என்னான்னு கேக்குறேன்."

அண்ணி துணியைப் பிழிந்தாள். நேற்று மத்தியானம்தான் அவள் சுங்கை பாக்காப்பில் இருக்கும் தன் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தாள். கொண்டுவந்த பையைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை.

அம்மா இதற்குக் கரப்பான் என்று பெயர் வைத்திருந்தாள். தீபாவளிக்கு முன்பு அண்ணனின் விரலிடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளங்களாகத் தொடங்கியது. பிறகு கழுத்து. பிறகு இமை. கரப்பானுக்கு இறால் ஆகாது, நண்டு ஆகாது, கருவாடு ஆகாது, கத்திரிக்காய் ஆகாது. எங்கள் வீட்டில் இவையெல்லாம் நின்றுபோயின. ஜெலுத்தோங் பாசாரில் மீன்கடைப் பக்கமே அண்ணி போகக்கூடாது என்று ஆனது. கிளினிக்குக்கு அம்மாவும் கூடப் போனாள். கடல் உணவு எதுவும் சாப்பிட்டாரா என்று டாக்டர் மலாயில் கேட்டிருக்கிறார். ஒரு கிரீமும், விடுப்புக்கு எம்சியும் கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "டாக்டரே சொல்லிட்டாரு, எறாதான்" என்றாள். டாக்டர் கேட்டார். அம்மா சொன்னாள். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை யாரும் கவனிக்கவில்லை.

பத்தியம் இருந்தும் அடங்கவில்லை என்றால், பத்தியத்தை யாரோ முறிக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் சமைப்பது அண்ணி. கணக்கு அத்தனை சுலபம்.

சீனப் பெருநாளுக்கு முன்தினம் அம்மா அண்ணியை, "ஒங்கம்மாவ பாத்துட்டு வாயேன், கொஞ்ச நாளு இருந்துட்டு வா" என்று அனுப்பிவைத்தாள். அந்த விடுப்பு முழுக்க அம்மாவே சமைத்தாள். அண்ணனின் முகம் நாளுக்கு நாள் தெளிந்தது. கழுத்தில் இருந்த சிவப்பு உரிந்து கீழே புதுத் தோல் தெரிந்தது. அண்ணி நேற்று வந்தாள். இன்று கண் மூடிவிட்டது. ஆனால் அண்ணனின் வேலையிடமும் பெருநாள் முழுக்கப் பூட்டிக் கிடந்து நேற்றுதான் திறந்தது. ஒரே சமயத்தில் இரண்டு காரியங்கள் மாறியிருந்தன. ஆய்வுக்கூடத்தில் யாராவது இப்படிப் பரிசோதனை செய்தால் அந்த முடிவைக் குப்பையில் போடுவோம். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

நான் வேதியியல் படித்தவள். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. வீட்டில் நான் பேசுவது குறைவு. பேசினாலும் பாதியில் யாராவது எடுத்துக்கொள்வார்கள். மனத்துக்குள் இருந்ததைச் சொல்ல அன்று காலை வாய் வரவில்லை. அண்ணன் ஒற்றைக் கண்ணோடு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

மாலையில் வேலை முடிந்து வந்தபோது அம்மா கூடத்தில் காத்திருந்தாள். கையில் அண்ணனின் வேலைச் சட்டை. அவன் அப்போதுதான் வந்து குளியலறைக்குள் போயிருந்தான்.

"இந்தா, மோந்து பாரு. படிச்சவதான நீ."

சட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மரத்தூள் என் கன்னத்தில் ஒட்டியது. வியர்வை நாற்றத்துக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. படகுத்துறையில் வெயில் ஏறியபிறகு வருமே, அது.

"என்னா வாடை? சொல்லு."

"மீன் மாதிரிதான் இருக்கு."

"பாத்தியா! கவுச்சி வாடை. நான் சொன்னா பொய்யிங்கறா. எங்கயோ வச்சி ஊட்டி விடுறா. மக வாயாலயே வந்திருச்சி."

மாதிரி என்ற சொல்லை அம்மா விட்டுவிட்டாள். சமையலறை வாசலில் அண்ணி நின்றிருந்தாள். அவள் என்னைத்தான் பார்த்தாள். கோபமாக இல்லை. நீயுமா என்பதுபோல.

"எம்மவனக் கொல்லப் பாக்குறா. ஞாயித்துக்கிழம தங்கராஜு காடி எடுத்துட்டு வர்றான். போன் பண்ணிட்டேன். இவன் முழுசா கொணமாகற வரைக்கும் தங்கச்சிய வச்சிக்கங்கன்னு சொல்லிட்டேன்."

தங்கராஜு அண்ணியின் அண்ணன், கார் வைத்திருப்பவர். முழுசா என்ற சொல்லை அம்மா அழுத்திச் சொன்னாள். அது எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாடையை நான் முன்பே அறிவேன். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சில புட்டிகளைக் காற்றிழுக்கும் பெட்டிக்குள் வைத்துத்தான் திறப்போம். மூடி திறந்ததும் மீன்சந்தை வந்துவிடும். முதல் வருடத்தில் தோழி ஒருத்தி, யாரோ மீன் சம்பால் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தேடினாள். அமீன் வகை வேதிப்பொருள். பிசினை இறுக வைக்கச் சேர்ப்பது. ஆனால் அண்ணன் வேலையில் எதைத் தொடுகிறான் என்று எனக்குத் தெரியாது. "கம் போடுறோம்" என்பான். கம் என்றால் ஒட்டுவது என்று நான் விட்டுவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. அண்ணனுக்குச் சோறு கட்டிக்கொண்டு போனேன். சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்தப் பழைய கடைவீடு இருந்தது. அதை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மரப்படிகள், மரக்கதவுகள், மாடித் தரைப்பலகைகள். எல்லாமே வெயிலிலும் ஈரத்திலும் வெடித்தவை. ஆணி பிடுங்கிய துளைகளும் கரையான் தின்ற பள்ளங்களும் ஏராளம். மாற்றக்கூடாது, பழசாகவே இருக்கவேண்டும், ஆனால் உடைசல் தெரியக்கூடாது என்பது ஏற்பாடு. அண்ணனின் வேலை அந்த உடைசல்களை இல்லாமல் ஆக்குவது.

வாசலில் மேஸ்திரி ஹைதர் அண்ணன் பலகையில் உட்கார்ந்து பால் விடாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா தங்கச்சி, அண்ணனுக்கு மட்டும்தான் சோறா? எங்களுக்கெல்லாம் வாயில்லியா?"

"பத்தியச் சோறுண்ணே. உப்பு ஒறப்பு இருக்காது."

"பத்தியமா?" அவர் சத்தமாகச் சிரித்தார். "குணாளனுக்கா? ஒங்கம்மாவும் போன்ல சொன்னாங்க. பெருநாளைக்குத் தவுக்கே வீட்டு விருந்துல எறாத் தட்ட தம் பக்கமா இழுத்து வச்சிக்கிட்டு ஒரு ஆளா முடிச்சாரு. அன்னிக்கு பத்தியத்துக்கும் பொது விடுமுறை போல."

தவுக்கே என்பது இவர்களுடைய முதலாளி. அந்த விருந்து நடந்தது அண்ணி ஊரில் இருந்தபோது. வேலையிடம் பூட்டிக் கிடந்தபோது. அதற்கு மறுநாள் அண்ணனின் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தேன். மறுநாள்தான் நானும் அவனும் கொம்தார் பக்கம் போனோம். தெளிவாக இருந்தது.

அவன் படிக்கட்டின் நடுவில் குந்தியிருந்தான். பக்கத்தில் ஏ, பி என்று இரண்டு டின்கள். ஒரு தகரத் தட்டில் இரண்டையும் ஊற்றிக் குச்சியால் கலக்கினான். பி டின்னின் மூடி திறந்ததும் அதே வாடை வந்தது. அந்தப் படியை முன்பு தேய்த்தபோது விழுந்த தூளையே ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தான். அதை அள்ளி அள்ளிப் போட்டுக் குழைத்தான். களி பதம் வந்தது. ரப்பர் கையுறை போட்டிருந்தான். ஆனால் இரண்டு விரல் நுனிகளை வெட்டி எடுத்திருந்தான். வெடிப்பின் ஆழம் விரலுக்குத் தெரியவேண்டுமாம். அந்த வெறும் விரல்களால் களியை வெடிப்புக்குள் அழுத்தி, வழித்து, மறுபடியும் அழுத்தினான். மேல் படிகளில் நேற்று அடைத்ததை இன்னொருவன் இயந்திரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான். தூள் புகையாக இறங்கியது. முழுதாக இறுகும் முன்பே தேய்த்துவிடுகிறார்கள். தவுக்கேவுக்கு அவசரம். அந்தத் தூள் அண்ணனின் இமைமீது மாவுபோலப் படிந்திருந்தது. உடம்பில் மிக மெல்லிய தோல் அங்கேதான்.

பி டின்னைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்புக் கட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. அதற்குக் கீழே பொடி எழுத்துகள். தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் என்று, நான் எதிர்பார்த்ததுதான் எழுதியிருந்தது.

தேய்ப்பவன் சாப்பிடப் போனான். நான் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன்.

"அண்ணே, தவுக்கே வீட்ல எறா சாப்ட்டியா?"

"ஹைதர் வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டாரு."

"அன்னிக்கு ஒண்ணும் ஆவலியே."

அவன் சோற்றைப் பிரித்தான்.

"இந்த பி டின்தான் ஒனக்கு ஆவல. மொதல்ல ஒடம்பு சும்மா இருக்கும். கொஞ்ச நாள் கழிச்சி அதைக் கண்டுபிடிச்சி வச்சிக்கும். அப்புறம் மறக்கவே மறக்காது. துளி பட்டாலும் வீங்கும். போவப் போவ மூச்சுலயும்..."

"தெரியும்."

நான் நிறுத்திவிட்டேன். அவன் கையுறையைக் கழற்றாமலே சாப்பிட்டான், கரண்டியால்.

"யூசுப்புன்னு ஒருத்தன் இருந்தான் இங்க. பட்டர்வொர்த் ஆளு. அவனுக்கும் இப்படியேதான். மொதல்ல வெரலு, அப்புறம் கண்ணு. கம்மு ஒத்துக்கலன்னு அவனே போயி தவுக்கேகிட்ட சொன்னான். மறுநா வராதன்னுட்டாரு. அப்புறம் இந்த வேலைக்கு யாரும் அவன எடுக்கல. எல்லா எடத்துலயும் இதே கம்முதான."

"எப்பலேருந்து தெரியும்?"

"அவன் போனதிலேருந்து."

யூசுப் போனது தீபாவளி சமயம். அப்போதே அம்மா கத்திரிக்காயை நிறுத்தியிருந்தாள்.

"எறான்னு நெனச்சிட்டுப் போவட்டும்லா. எறா திங்கறவனுக்கு வேல போவாது. அம்மா நாலு பேருகிட்ட சொல்லும். ஹைதருகிட்டகூட போன்ல சொல்லிருச்சி. நல்லதுதான்."

"நாளைக்கு அண்ணிய அனுப்பப் போவுது."

"இந்த எடம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அண்ணி?"

"அவ தாங்கிக்குவா."

பருப்பில் உப்பு குறைவு என்பதுபோல அதைச் சொன்னான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவனாக, கரண்டியால் எனக்குப் பக்கத்திலிருந்த படியைக் காட்டினான்.

"இதுல எங்க அடச்சிருக்கேன்னு சொல்லு பாப்போம்."

குனிந்து பார்த்தேன். கையால் தடவினேன். ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும்படி தலையைத் திருப்பிப் பார்த்தேன். மரத்தின் கோடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடையில்லாமல் ஓடின. எனக்குக் கிடைக்கவில்லை. அவன் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தான். வீங்கிய முகத்தில் சிரிப்பு ஒரு பக்கம் மட்டுமே போனது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். குளியலறையில் அண்ணி வாளியில் சட்டைகளைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அண்ணனின் வேலைத் துணியை இயந்திரத்தில் போட்டால் மற்றத் துணிகளில் தூள் ஒட்டுகிறது என்று அம்மா தடை போட்டிருந்தாள். அந்த வெக்கையிலும் அண்ணி முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். துவைப்பதற்காக முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவசரமாகக் கீழே இழுத்தாள். ஈரக் கையில் துணி ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, சோப்பு நீர் எதுவரை ஏறுமோ அதுவரை, சிவந்து பொரிந்திருந்தது.

"எப்பலேருந்து அண்ணி?"

"பெருநாளுக்கு முன்னாடியே. எங்கம்மா வீட்ல இருந்தப்ப காஞ்சி போச்சி. வந்து மொத வேலையா அவரு துணிய ஊறப் போட்டேன், மறுபடியும் வந்திருச்சி." அவள் குரலைத் தாழ்த்தினாள், வீட்டில் யாரும் இல்லாதபோதும். "அத்தகிட்ட சொல்லிராத சாந்தினி. என்கிட்டேருந்துதான் அவருக்கு ஒட்டிச்சின்னு சொல்லும்."

அவள் கைகளைக் குழாயில் கழுவினேன். டின்னைப் பற்றி, தூளைப் பற்றி, வாடையைப் பற்றிச் சொன்னேன். அவ்வளவு நேரம் தொடர்ந்து நான் பேசி அவள் கேட்டதில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. கடைசியில் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"அப்ப நான் இல்ல."

"இல்ல அண்ணி."

"எனக்கே சந்தேகம் வந்திருச்சி தெரியுமா? பழைய எண்ணெயில ஏதும் இருக்குமோன்னு சட்டியெல்லாம் மாத்தினேன்." மூக்கைத் துடைத்தாள். "பாவம், அவருக்குத் தெரியாமலே அதுல கைய வச்சிக்கிட்டு இருக்காரு. நாளைக்கு எங்கண்ணன் வர்றப்ப எல்லாருக்கும் ஒண்ணா சொல்லிரு. நீ சொன்னா அவரு கேப்பாரு."

தெரியாமல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து, வெகுநாள் கழித்துத் தலைக்குப் பூ வைக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கராஜு வந்தார். அதிகம் பேசாத மனிதர். கடற்பாலத்தில் நெரிசல் என்றார். காப்பியைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவிவைக்கப் போக, அம்மா தடுத்தாள். கதவோரம் அண்ணியின் பை இருந்தது. அம்மா கட்டியது. போனமுறை கொண்டுபோனதைவிடப் பெரிது. அண்ணன் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். இடது கண் இன்று கீற்றாகத் திறந்திருந்தது. அண்ணி அவனுக்கு எதிரே நின்று என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சொல்லு என்றாள்.

"அம்மா. அது எறா இல்ல."

என் குரல் எனக்கே மெலிதாகக் கேட்டது. எல்லோரும் திரும்பியதால் மேலே சொல்ல வேண்டியதாயிற்று.

"வேலையில மரத்த அடைக்கப் பிசின் கலக்குறாங்க. அது ஒடம்புக்கு ஒத்துக்கல. அந்த வாடைதான் சட்டையில அடிக்குது. மீன் இல்ல. பெருநாளுக்கு வேல இல்லாததாலதான் கொணமாச்சி. அண்ணி போனதால இல்ல."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள்.

"அப்படியாடா?"

அண்ணன் மேசைமீது விரல் நகத்தால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். நகத்தடியில் பிசின் காய்ந்து பழுப்பாக இருந்தது.

"இவ லாப்ல அப்படி இருக்கும். எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. இத்தன வருசமா தொடுறேன், இப்ப மட்டும் எப்படி?"

"அதான கேக்குறேன்," என்றாள் அம்மா.

தங்கராஜு எழுந்து நின்றார். யாரோடும் சேர்ந்து நிற்கத் தெரியாமல் பையின் பக்கம் போனார். அண்ணி அசையவில்லை. பிறகு முழுக்கைச் சட்டையை மெதுவாகச் சுருட்டினாள். முதலில் வலது, பிறகு இடது. இரண்டு கைகளையும் உள்புறம் மேலாகத் திருப்பி மேசைமேல் அவனுக்கு நேராக வைத்தாள்.

"இதப் பாத்து சொல்லுங்க."

"ஐயோ, ஆத்தா!" அம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "பாத்திங்களாப்பா தங்கராஜு? ஒங்க தங்கச்சி கையப் பாருங்க. எங்கேருந்து வந்ததுன்னு இப்ப தெரியுதா? மறச்சி வச்சிக்கிட்டு ஆக்கிப் போட்டிருக்கா."

அண்ணன் அந்தக் கைகளைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அவன் முகத்தில் வேதனை வந்தது, வெட்கம் வந்தது. ஆச்சரியம் மட்டும் வரவில்லை. அண்ணி தன் கைகளைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கால்சட்டைப் பையிலிருந்து கிளினிக்கில் கொடுத்த கிரீமை எடுத்தான். பாதி சுருட்டிய குழாய். அதை அவள் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதப் போட்டுக்க. ரெண்டு வேள. தண்ணி படாம பாத்துக்க."

"எவ்ளோ நாளா தெரியும்?"

அவன் குழாயை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினான்.

"ஒங்களத்தான் கேக்குறேன்."

"இந்த எடம் முடியட்டும் மோகனா," என்றான்.

அம்மாவுக்கு அது எதைப் பற்றிய பேச்சு என்று புரியவில்லை. புரிந்துகொள்ள அவள் நிற்கவும் இல்லை. டெட்டாலும் துணியும் எடுத்துவரப் போனாள். அண்ணி கைகளை எடுத்துக்கொண்டாள். கிரீம் அங்கேயே கிடந்தது. தங்கராஜு தூக்கியிருந்த பையை அவரிடமிருந்து வாங்கித் தானே தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலில் செருப்பைப் போடும்போது பின்னால் அம்மா மேசையைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

நான் கூடவே இறங்கினேன். லிஃப்டில் மூவரும் கதவைப் பார்த்தபடி நின்றோம். கீழே, காடி வெயிலில் நின்று கொதித்துக்கிடந்தது. தங்கராஜு ஜன்னல்களை இறக்கிவிட்டார்.

"அண்ணி, நேத்தே சொல்லியிருக்கணும்..."

"சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்," என்றாள். "கையி எரியுது சாந்தினி. பெறகு பேசலாம்."

காடி நகர்ந்தது. அடுக்குமாடி வாசலைத் தாண்டி வலப்பக்கம் திரும்பியபிறகு, இடது பக்க ஜன்னலுக்கு வெளியே இரண்டு கைகள் நீண்டன. சுருட்டிய சட்டையோடு முழங்கை வரை வெளியே போட்டு, உள்ளங்கைகளை விரித்து, காற்றில் பிடித்திருந்தாள். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் அதைச் சைகை என்று நினைத்துவிட்டார். வேகத்தைக் குறைத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, முன்னால் போகும் வண்டி எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று காத்து நின்றார். அது நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.